கார்லைல் 27, ராணுவம் 6

தலைமை அதிகாரியின் அறைக்குள் ஒருநாள் நாற்பது பையன்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். 1890-களின் தொடக்கம். இடம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கார்லைல் என்ற சிற்றூர். பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றைப் பள்ளிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். அதிகாரியின் பெயர் ரிச்சர்ட் ஹென்றி பிராட். ராணுவத்தில் இருந்தவர். வந்தவர்கள் பூர்வகுடி இளைஞர்கள். ஒரு மாணவனுக்குக் கால் முறிந்துபோனதால் வெளி அணிகளோடு கால்பந்து ஆடுவதை பிராட் நிறுத்திவைத்திருந்தார். அந்தத் தடையை நீக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

பிராட் இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். இரண்டையும் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார். எதிரணி என்ன செய்தாலும் கைநீட்டி அடிக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. நீங்கள் அடித்தால், பார்க்கிறவர்கள் ‘காட்டுமிராண்டிகள், புத்தி போகுமா?’ என்பார்கள் என்றார். சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகப் பெரிய அணியைத் தோற்கடித்துக் காட்ட வேண்டும் என்பது இரண்டாவது. பையன்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த நாற்பது பேர் கொடுத்த வாக்கை அவர்களுக்குப் பின் வந்தவர்கள் 1912-ல் எப்படி நிறைவேற்றினார்கள், நிறைவேற்றியதற்கு என்ன கூலி கிடைத்தது என்பதுதான் இந்தக் கதை.

பெயரில் இருக்கும் ‘இந்தியன்’

பள்ளியின் முழுப் பெயர் கார்லைல் இந்தியன் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல். நமக்கும் அந்த ‘இந்தியனுக்கும்’ சம்பந்தம் இல்லை. கொலம்பஸ் வழிதவறிப் போய் வைத்த பெயர், நானூறு ஆண்டு கழித்தும் ஒரு பள்ளியின் வாசலில் தொங்கியது. நம் பழைய புத்தகங்கள் இவர்களைச் செவ்விந்தியர் என்று எழுதின.

பிராட் 1879-ல் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். ‘இந்தியனைக் கொல், மனிதனைக் காப்பாற்று’ என்பது அவர் கொள்கை. 1892-ல் ஒரு மாநாட்டு மேடையிலேயே அதைச் சொன்னார். கொல்வது என்றால் இங்கே மொழியைக் கொல்வது, தலைமுடியைக் கத்தரிப்பது, பெயரை அழிப்பது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்த சமவெளிகளிலிருந்து பிள்ளைகளை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கரும்பலகையில் ஆங்கிலப் பெயர்களை எழுதிவைத்து, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, ஒன்றைத் தொடச் சொன்னார்கள். எழுத்தே தெரியாத சிறுவன் எதைத் தொட்டானோ அதுதான் அன்றுமுதல் அவன் பெயர். லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற லகோட்டா இனத்து எழுத்தாளர் தனக்கு ‘லூதர்’ வந்த கதையை இப்படித்தான் சொல்கிறார்.

வந்த அன்று ஒரு புகைப்படம், சில ஆண்டு கழித்து கோட்டு சூட்டில் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நன்கொடையாளர்களுக்கு அனுப்பினார்கள். பாதி நாள் படிப்பு, பாதி நாள் தச்சு, தையல், செருப்புத் தொழில். விடுமுறையில் வீட்டுக்கு அனுப்பாமல் வெள்ளையர் பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். வீடு திரும்பாமல் பள்ளி இடுகாட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளைகள் நூற்றுக்கும் மேல்.

இது கல்லூரியே அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுவர் சிறுமியரும் படித்த தொழிற்பள்ளி. ஆனால் அணியில் ஆடியவர்கள் பெரும்பாலும் இருபது வயதைத் தொட்ட இளைஞர்கள். அவர்கள் மோதியது ஹார்வர்டு, பென்சில்வேனியா, கார்னெல் போன்ற பல்கலைக்கழகங்களோடு. ஒரு ஐடிஐ அணி நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களை வரிசையாகச் சாய்த்தால் எப்படி இருக்கும்? அதுதான் கார்லைல்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை

அமெரிக்கர்கள் கால்பந்து என்பது நம்மூர் கால்பந்து அல்ல. காலுக்கு வேலை கொஞ்சம்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிராளிகளின் சுவரை உடைத்து ஓட வேண்டும். எல்லைக் கோட்டைத் தாண்டினால் ‘டச்டவுன்’. தடுப்பவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமுக்கல் புரியும், ஆனால் அந்தக் காலத்து ஆட்டம் அதைவிட மூர்க்கமானது. தலைக்கவசம் கட்டாயமில்லை. கையைக் கோத்துக்கொண்டு ஆப்பு வடிவில் மொத்தமாகப் பாய்வார்கள். 1905-ல் ஒரே பருவத்தில் இறந்த ஆட்டக்காரர்கள் 18 பேருக்குக் குறையாது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தை ஒழுங்குபடுத்தச் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

அதன் விளைவாக 1906-ல், பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் அதை மதிக்கவில்லை. எறிவது ஆண்மைக்கு இழுக்கு என்று நினைத்தவர்களும் உண்டு. கார்லைல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எடையில் எதிரணியைவிடக் குறைந்தவர்கள். இடித்துத் தள்ளி ஜெயிக்க முடியாது, வேகமும் தந்திரமும்தான் கைகொடுக்கும். 1907-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26–6 என்று வென்ற ஆட்டத்தில் அவர்கள் எறிந்த நீண்ட பாஸ்களைப் பார்த்துப் பார்வையாளர்கள் அசந்துபோனார்கள். இன்றைய அமெரிக்கக் கால்பந்தின் உயிரே அந்த எறிதல்தான். அதை வளர்த்துவிட்டவர்களில் முதல் வரிசையில் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நன்றியோடு சொல்கிறவர்கள் குறைவு.

குறும்பும் உண்டு. 1903-ல் ஹார்வர்டுக்கு எதிராக, பந்தை ஒரு ஆட்டக்காரரின் சட்டைக்குள் முதுகுப் பக்கம் ஒளித்துவைத்துவிட்டார்கள். சார்லஸ் டில்லன் என்ற அந்த ஆட்டக்காரர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடி எல்லையைத் தாண்டினார். ஹார்வர்டு ஆட்கள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் 12–11 என்று கார்லைல் தோற்றது. ஆனால் ஊர் பேசியது அந்த முதுகைப் பற்றித்தான்.

இந்தத் தந்திரங்களுக்குப் பின்னால் இருந்தவர் கோச் கிளென் வார்னர். எல்லோரும் ‘பாப்’ என்பார்கள். கார்னெலில் சட்டம் படித்துவிட்டு ஆட்டத்தில் விழுந்தவர். அபாரமான மூளை. வாயும் அப்படித்தான், வசவு தாராளம். இந்த ஆளைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதிவிட்டு நகர முடியாது. பின்னால் வருவோம்.

1912, செப்டம்பர்

அந்த ஆண்டு விதிகள் மறுபடி மாறின. மைதானம் 110 கெஜத்திலிருந்து 100 ஆகச் சுருங்கியது. டச்டவுனுக்கு ஐந்துக்குப் பதில் ஆறு புள்ளி. பத்து கெஜம் முன்னேற மூன்று வாய்ப்புக்குப் பதில் நான்கு. பாஸ் எறிய இருந்த இருபது கெஜ வரம்பும் போனது. கார்லைலுக்காகவே எழுதியதுபோல் இருந்தன புதிய விதிகள்.

வார்னர் கையில் இருந்த ஆட்களைப் பாருங்கள். குவாட்டர்பேக் கஸ் வெல்ச், விஸ்கான்சினைச் சேர்ந்த ஓஜிப்வே இனத்து இளைஞர். களத்தில் அணியின் மூளை அவர்தான். ஜோ கையன், முன்வரிசையில் மலைபோல் நின்று தடுக்கும் டேக்கிள். அலெக்ஸ் அர்காசா, சத்தமில்லாமல் வேலையை முடிக்கிறவர். இவர்களுக்கெல்லாம் கேப்டன் ஜிம் தோர்ப்.

ஜிம் தோர்ப் சாக் அண்டு ஃபாக்ஸ் இனத்தவர். ஒக்லஹோமாவில் பிறந்தவர். சொந்த மொழியில் அவர் பெயர் வா-தோ-ஹுக், ஒளிவீசும் பாதை. பதின்பருவம் முடிவதற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். 1907-ல் வேலை உடுப்போடு மைதானத்தைக் கடந்து போனவர், மற்றவர்கள் தாண்ட முடியாமல் திணறிய உயரத் தாண்டல் கம்பியை அப்படியே தாண்டிவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். வார்னரின் கண்ணில் பட்டது அப்படித்தான். 1912 ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். டெகத்லானில் 8,412 புள்ளி. அவரோடு கார்லைலிலிருந்து போன ஹோப்பி இனத்து லூயிஸ் டெவானிமா 10,000 மீட்டரில் வெள்ளி வாங்கினார். டெவானிமா கார்லைலுக்கு வந்ததே அரசின் கைதியாக. ஐந்தே ஆண்டில் அதே அரசின் கொடியோடு ஒலிம்பிக் மேடையில் நின்றார். அப்போது பூர்வகுடிகள் பலருக்குக் குடியுரிமைகூடக் கிடையாது. அனைவருக்கும் அது கிடைத்தது 1924-ல்தான்.

(ஒரு சின்னத் தகவல். தோர்ப்புக்கும் வெல்ச்சுக்கும் அப்போது வணிகப் பாடங்கள் சொல்லிக்கொடுத்த இளம் ஆசிரியை பிற்காலத்தில் அமெரிக்காவின் முக்கியக் கவிஞர்களில் ஒருவரான மரியான் மூர்.)

ஸ்டாக்ஹோமிலிருந்து திரும்பிய சில வாரங்களில் தோர்ப் கால்பந்துச் சட்டை போட்டுவிட்டார். செப்டம்பர் 21-ல் ஆல்பிரைட் கல்லூரியை 50–7 என்று வீழ்த்தியதில் பருவம் தொடங்கியது. அடுத்து லெபனான் வேலி 45–0, டிக்கின்சன் 34–0, வில்லனோவா 65–0. பன்னிரண்டே நாளில் நான்கு ஆட்டம், 194 புள்ளி, விட்டுக்கொடுத்தது ஏழு. அக்டோபர் 5-ல் வாஷிங்டன் அண்டு ஜெஃபர்சன் கல்லூரியோடு மட்டும் 0–0. கம்பங்களுக்கு நடுவே தோர்ப் உதைக்கப் பார்த்த ஃபீல்டு கோல்கள் ஒன்றும் உள்ளே போகவில்லை.

அந்தக் கோபம் சிராக்கியூஸ் மேல் இறங்கியது, 33–0. முந்தைய ஆண்டு ஹார்வர்டையே 18–15 என்று வென்ற கார்லைல், அதற்கடுத்த வாரமே ஒரு புள்ளியில் தோற்றது இந்த சிராக்கியூஸிடம்தான். பழி தீர்ந்தது. பிட்ஸ்பர்க் 45–8, ஜார்ஜ்டவுன் 34–20. ஜார்ஜ்டவுன் ஆட்டம் வாஷிங்டனில் சனிக்கிழமை. திங்கட்கிழமை கனடாவின் டொரோண்டோவில் இன்னொரு ஆட்டம், பெரிய வெற்றி. பெரிய அணிகளோடு ஆட்டம் என்றால் எப்போதும் வெளியூர்தான். கார்லைல் ஊரில் கூட்டம் சேராது, வெளியூரில் ஆடினால் டிக்கெட் வசூலில் பங்கு கிடைக்கும். பையன்கள் ரயிலிலேயே குடியிருந்தார்கள்.

ஹட்சன் நதிக்கரையில்

நவம்பர் 9. வெஸ்ட் பாயின்ட். அமெரிக்க ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் கல்விக்கூடம். இரு அணிகளும் அதற்கு முன் ஒருமுறைதான் மோதியிருந்தன. 1905-ல் நடந்த அந்த ஆட்டத்தில் கார்லைல் 6–5 என்று தப்பித்து ஜெயித்தது.

ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் வார்னர் என்ன பேசினார் என்பதற்குப் பல வடிவங்கள் உலவுகின்றன. உங்கள் தகப்பன்மாரோடும் பாட்டன்மாரோடும் சண்டையிட்டவர்களின் பிள்ளைகள்தான் எதிரே நிற்கிறார்கள் என்று நினைவூட்டியதாக எல்லா வடிவங்களும் சொல்கின்றன. என்னைக் கேட்டால் அவர் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கக் குதிரைப்படை லகோட்டா ஆண், பெண், குழந்தைகளைச் சுட்டுத் தள்ளியது 1890 டிசம்பரில். இருபத்திரண்டு ஆண்டுகூட முடியவில்லை. சீருடை அணிந்த கேடட்டுகள் வரிசையாக அமர்ந்திருக்கும் மைதானத்துக்குள் நுழையும்போது அந்தப் பையன்களுக்கு யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.

வார்னர் அன்று ஒரு புதிய வியூகத்தை இறக்கினார். பின்வரிசையில் நிற்கும் இரண்டு ஓட்டக்காரர்களை முன்வரிசையின் இரு ஓரங்களுக்கும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இறக்கை விரித்த பறவைபோல் இருக்கும். பந்து யார் கைக்குப் போகும், எந்தப் பக்கம் ஓடுவார்கள், ஓடுவார்களா எறிவார்களா என்று எதிரணிக்கு ஒன்றும் பிடிபடாது. பின்னால் ‘டபுள் விங்’ என்று பேர் எடுத்த வியூகம் இது.

ராணுவ அணிக்கு ஒரே திட்டம்தான், தோர்ப்பை முடக்குவது. அந்த அணியில் கன்சாஸிலிருந்து வந்த ஒரு இரண்டாம் ஆண்டு மாணவர் இருந்தார். பெயர் டுவைட் ஐசன்ஹோவர். ஆமாம், அவரேதான். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் தளபதி, பிறகு அமெரிக்க ஜனாதிபதி. அவரும் தோழர் ஒருவரும் இருபுறமிருந்தும் தோர்ப் மேல் பாய, தோர்ப் சட்டென்று நின்றுவிட, இருவரும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். நிலைதடுமாறிய இருவரையும் வெளியே அழைத்துக்கொண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பல பத்தாண்டு கழித்தும் ஐசன்ஹோவர், தான் பார்த்த ஆட்டக்காரர்களில் தோர்ப்புக்கு நிகர் இல்லை என்றே சொன்னார்.

முதலில் புள்ளி எடுத்தது ராணுவம்தான். அதன்பிறகு அவர்களுக்கு ஒன்றுமில்லை. அர்காசா மூன்று டச்டவுன் போட்டார். தோர்ப் ஒன்றும் போடவில்லை. மைதானத்தின் மறுகோடிவரை அவர் ஓடிப் போட்ட ஒன்றை, அணியினர் செய்த விதிமீறல் என்று நடுவர் தள்ளுபடி செய்தார். எல்லோரும் தோர்ப் பின்னால் ஓடியதால்தான் அர்காசாவுக்கு வழி கிடைத்தது. ஆனாலும் பத்திரிகைகளில் தலைப்பு தோர்ப்புக்குத்தான் போனது. அர்காசா மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் பரிதாபம் உண்டு.

இனி பிராட்டின் முதல் நிபந்தனைக்கு வருவோம். அன்று கைநீட்டியதற்காகக் கார்லைல் ஆட்டக்காரர் ஒருவர் வெளியேற்றப்பட்டார், மறைப்பதற்கில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் நடந்தது வேறு. ராணுவ அணியின் கேப்டன் லேலண்ட் டெவோர் ஆஜானுபாகு. முதல் பாதி முழுக்க அவரை ஜோ கையன் தடுத்து நிறுத்தி அலுக்கவைத்திருந்தார். பொறுக்க முடியாமல் டெவோர் கையன் மேல் பாய்ந்து தாக்கினார். நடுவர் கேப்டனையே மைதானத்தைவிட்டு அனுப்பினார். கையன் திருப்பி அடிக்கவில்லை.

இறுதியில் கார்லைல் 27, ராணுவம் 6.

வசூல் யாருக்கு?

அடுத்த வாரமே பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34–26 என்று சறுக்கினார்கள். அந்தப் பருவத்தின் ஒரே தோல்வி. உச்சியில் ஏறி நின்ற களைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு ஸ்பிரிங்ஃபீல்டோடு தட்டுத்தடுமாறி 30–24. நன்றி நவிலல் நாளில் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32–0. தோர்ப் கார்லைலுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அது. மொத்தம் 12 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். தோர்ப் அந்தப் பருவத்தில் போட்ட டச்டவுன்கள் 25-க்குக் குறையாது.

இரண்டே மாதத்தில், 1913 ஜனவரியில், ஒரு மாசசூசெட்ஸ் பத்திரிகை செய்தி போட்டது. 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சில்லறைச் சம்பளத்துக்குத் தோர்ப் பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்றது. காசுக்கு ஆடினால் அமெச்சூர் இல்லை, அமெச்சூர் இல்லையென்றால் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. அன்று கல்லூரிப் பையன்கள் எத்தனையோ பேர் கோடையில் புனைபெயரில் காசுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார், மாட்டிக்கொண்டார். தான் ஒரு சாதாரண இந்தியப் பள்ளி மாணவன், இதெல்லாம் தெரியாது என்று அமெச்சூர் சங்கத்துக்கு ஒரு கடிதம் போனது. கையெழுத்து தோர்ப்புடையது. வாசகம் வார்னருடையது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தனக்கு எதுவும் தெரியாது என்றார் வார்னர். அதை நம்ப நான் தயாரில்லை. பதக்கங்கள் பறிக்கப்பட்டன. புகார் இருந்தால் போட்டி முடிந்த முப்பது நாளுக்குள் தர வேண்டும் என்று ஒலிம்பிக் விதியே இருந்தது. யாரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

தோர்ப் வாங்கியது வாரச் சில்லறை. அவர் ஆடிய ஆட்டங்களின் வசூல் எங்கே போனது என்ற கேள்வியை எழுப்பியவர் கஸ் வெல்ச். இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி விசாரணை கேட்டார். 1914 தொடக்கத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு கார்லைலுக்கே வந்தது. அரசுத் தணிக்கைக்கு வராத ஒரு தனிக் கணக்கில் கால்பந்துப் பணம் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. வார்னர் மாணவர்களைக் கேவலமாகத் திட்டுவார், அவர்களின் நலனில் அவருக்கு அக்கறை கிடையாது என்று வெல்ச் நேருக்கு நேர் சாட்சி சொன்னார். பள்ளித் தலைவர் மோசஸ் ஃபிரீட்மன் பதவி இழந்தார். வார்னர் அந்தப் பருவத்தோடு கிளம்பி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கும் பேர் எடுத்தார். அவருக்கு ஒரு குறையும் வரவில்லை.

வெல்ச் சட்டம் படித்தார், முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாகப் பணியாற்றினார். கையன் ஜார்ஜியா டெக் அணிக்குப் போய் 1917-ல் தேசியப் பட்டம் வென்ற அணியில் ஆடினார். தோர்ப் நியூயார்க் ஜயன்ட்ஸில் பேஸ்பால் ஆடினார். இன்றைய என்எஃப்எல் என்ற தொழில்முறைக் கால்பந்து லீக் 1920-ல் வேறு பெயரில் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1953-ல் கலிஃபோர்னியாவில், கையில் காசில்லாமல் இறந்தார். 1982-ல் ஒலிம்பிக் கமிட்டி அவரை ‘இணை வெற்றியாளர்’ ஆக்கியது. முழு வெற்றியாளர் அவர் ஒருவரே என்று ஒப்புக்கொண்டது 2022 ஜூலையில். ஸ்டாக்ஹோம் முடிந்து 110 ஆண்டு.

கார்லைல் பள்ளி 1918-ல் மூடப்பட்டது. இடம் ராணுவத்திடமே திரும்பியது. 1951 முதல் அங்கே ராணுவ உயரதிகாரிகள் படிக்கும் வார் காலேஜ் நடக்கிறது. இடுகாட்டில் கிடந்த பிள்ளைகளின் எச்சங்களை 2017 முதல் ராணுவமே தோண்டியெடுத்து, கேட்டு வரும் இனத்தாரிடம் ஒப்படைத்துவருகிறது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. தோர்ப்பும் டெவானிமாவும் ஓடிப் பழகிய மைதானமும் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அதன் பெயர் இன்றும் இந்தியன் ஃபீல்டு.